அந்தப் பக்கத்தைக் காணோம்!

உங்களுக்கு எத்தனை பிறந்த நாள்?

'ஒன்றுதான்' என்று பளிச்சென்று சொன்னால், நீங்கள் ஆஸ்பத்திரியில், நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளப் பிறந்த பாக்கியசாலி. எங்கள் கடலூர் மாவட்டத்தில் என் அப்பா தலைமுறைக்குக் குறைந்தபட்சம் இரண்டு. ஒன்று பாட்டி சொன்னது: "ஐப்பசி அடைமழை. வீராணம் ஏரி உடைஞ்சுடும்னு ஊரே முழிச்சிட்டிருந்துச்சே, அன்னிக்கு ராத்திரி." இன்னொன்று ஹெட்மாஸ்டர் போட்டது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் வயசு ஐந்து. பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் மாசம் என்பதால் பிறந்த தேதியையும் அதற்குத் தோதாக மே, ஜூனில் போட்டுவிடுவார். அரசு அலுவலகங்களில் பிரிவு உபசார விழாக்கள் கோடையில் கொத்துக் கொத்தாக வந்ததற்கு இந்தக் காதைத் தொட்ட கைகளும் ஒரு காரணம்!

ஆக, காகிதத்தில் இருப்பது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்பது நம் ரத்தத்தில் ஊறிப்போன சமாசாரம். ரேஷன் கார்டில் பெயருக்குக் கால் முளைக்கும். வாக்காளர் பட்டியலில் கணவர் தகப்பனாராகிவிடுவார். நாமும் சிரித்துவிட்டு, தாலுகா ஆபீஸில் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவோம்.

இந்த 'முன்னே பின்னே' மனசோடுதான் நம் பையன்கள் பாஸ்போர்ட்டையும் பார்க்கிறார்கள். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பி.காம். முடித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறவனை சிதம்பரத்தில் எங்கள் தெருவில் இரண்டே காரியத்துக்குத்தான் தேடுவார்கள். ஒன்று, ஃபாரம் பூர்த்தி செய்ய. இரண்டு, "வேலை எதாவது கெடச்சுதா தம்பி?" என்று விசாரிக்க. சென்ற ஆண்டு ஒரு சாயங்காலம் முதல் காரியத்துக்காக வந்தான் ஒரு பையன். இருபத்து நாலு வயசு. ஐ.டி.ஐ. வெல்டர். கையில் மஞ்சள் பை, பைக்குள் பாஸ்போர்ட்.

"அண்ணே, ஒரு சின்ன சந்தேகம். இதுல ஒரே ஒரு தாளை மட்டும் எடுத்துட்டா தெரியுமா?"

கதை இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் டூரிஸ்ட் விசாவில் மலேசியா போயிருக்கிறான். "போய் இறங்கு, பர்மிட் பின்னாடியே வரும்" என்றார் ஏஜென்ட். பர்மிட் வரவில்லை, போலீஸ்தான் பின்னாடியே வந்தது. நாள் கடந்து தங்கியதற்கு அபராதம் கட்டி, பாஸ்போர்ட்டில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்பிவிட்டார்கள். இப்போது சிங்கப்பூர் வாய்ப்பு. கடலூரில் ஒரு புது ஏஜென்ட். அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, "இந்தப் பக்கம் இருந்தா கஷ்டம். பதினஞ்சாயிரம் குடு, நான் பாத்துக்கறேன்" என்றிருக்கிறார். அம்மா சங்கிலியை அடகு வைத்து ஏற்கெனவே எண்பதாயிரம் முன்பணம் கட்டியாகிவிட்டது.

நான் அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தேன். "முன்னாடி ஒரு தாளைக் கிழி."

கிழித்தான். பின்பக்கம் ஒரு தாள் சொத்தென்று கழன்று அவன் மடியில் விழுந்தது.

ஸ்கூல் படித்த எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. நடுவில் தைத்த நோட்டில் ஒரு தாள் தனி ஆள் இல்லை, அதற்கு ஒரு ஜோடி உண்டு. 2022 ஜூலையில் மும்பை விமான நிலையத்தில் இந்த ரகசியம் ஓர் இளைஞரைக் கைது வரைக்கும் கொண்டுபோனது. முப்பத்திரண்டு வயசு, எஞ்சினீயர். மனைவிக்குத் தெரியாமல் மாலத்தீவுக்குத் தோழியோடு போயிருக்கிறார். திரும்பும்போது விசா முத்திரைகள் மனைவி கண்ணில் படக்கூடாதென்று பக்கங்களைக் கிழித்துவிட்டார். மனைவி பார்க்கவில்லை, குடியேற்ற அதிகாரி பார்த்துவிட்டார்! காணாமல்போனவை 3 முதல் 6 வரையும் 31 முதல் 34 வரையும். முப்பத்தாறு பக்கப் புத்தகத்தில் 3-க்கு ஜோடி 34, 6-க்கு ஜோடி 31. கூட்டிப் பாருங்கள், இரண்டுமே 37. முன்னால் இருந்த மாலத்தீவு, பின்னால் இருந்த வெள்ளைத் தாளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மனைவியிடம் மாட்டியிருந்தால் வீட்டோடு முடிந்திருக்கும். இங்கே மோசடி வழக்கு.

"சரிண்ணே, கிழிக்க வேணாம். தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டா?"

அது இன்னும் விசேஷம். தொலைந்ததாகப் போலீஸில் எழுதிக் கொடுத்தால் அது பொய்ப் புகார். அப்படி ரத்தாகும் பாஸ்போர்ட் எண்களை உலகம் முழுக்கச் சேர்த்துவைக்க இன்டர்போல் 2002-லிருந்து ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அதோடு, தாளைத் தொலைக்கலாம். கட்டை விரலைத் தொலைக்க முடியுமா? வெளிநாட்டவர் வந்து இறங்கும்போது மலேசியா 2011-லிருந்தும் சிங்கப்பூர் 2016-லிருந்தும் விரல் ரேகை எடுக்கின்றன. நம் ஊரிலும் போன தேதி, வந்த தேதி எல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரை என்பது பேரேட்டுக்கு நகல் மாதிரி. நகலைக் கிழித்தால் பேரேடு அழிந்துவிடுமா?

கணக்கு படித்தவன் என்பதால் இன்னொன்றையும் காட்டினேன். பாஸ்போர்ட்டில் போட்டோ உள்ள பக்கத்தின் அடியில் கோழி கிறுக்கின மாதிரி இரண்டு வரி இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? வரிக்கு 44 எழுத்து. அதில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காவல்கார எண் நிற்கும். இலக்கங்களை வரிசையாக 7, 3, 1 என்று பெருக்கிக் கூட்டி, பத்தால் வகுத்தால் வரும் மீதிதான் அது. 1995 ஜூன் 1-ல் பிறந்தவருக்கு அது 950601. பெருக்கிக் கூட்டினால் 121, காவல்காரர் 1. 'வயசு பத்தலை, மூணு வருஷம் கூட்டிப் போடு' என்று 95-ஐ 92 ஆக்கினால் கூட்டுத்தொகை 112. காவல்காரர் 2 ஆக இருக்க வேண்டும். ஆனால் பழைய 1 அங்கேயே நிற்கும். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாது! மெஷின் 'கீ' என்று கத்தும். எங்கள் காலேஜில் டேலி ஆகாவிட்டால் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒன்றில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஏர்போர்ட்டில் அந்த வசதி கிடையாது. சஸ்பென்ஸில் தள்ளப்படுவது நீங்கள்தான்.

கையால் எழுதி, போட்டோ ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்ட பழைய பாஸ்போர்ட்டுகள் காலத்தில் கில்லாடிகள் போட்டோவை மட்டும் மாற்றினார்கள். அதற்குத் 'தலை மாற்றுவது' என்றே பெயர். கையெழுத்துப் பாஸ்போர்ட்டுகளின் காலம் உலகம் முழுக்க 2015 நவம்பரோடு முடிந்துவிட்டது. இப்போது இந்தியாவில் 'சிப்' வைத்த பாஸ்போர்ட்டே வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் தலையை மாற்ற முடியாமல்போனதும் நம்மவர்கள் தங்கள் சொந்தத் தலையையே மாற்ற ஆரம்பித்தார்கள். சிரிக்காதீர்கள், நிஜம். 2019 செப்டம்பரில் டெல்லி விமான நிலையத்துக்கு எண்பத்தொரு வயசுப் பெரியவர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தார். வெள்ளைத் தாடி, தலைப்பாகை, கண்ணாடி. நியூயார்க் போக வேண்டுமாம். பாதுகாப்புக்காரர் எழுந்து நிற்கச் சொன்னார். தாடிக்கு வயசு எண்பது, தோலுக்கு முப்பது! அகமதாபாத்தைச் சேர்ந்த முப்பத்திரண்டு வயசு வாலிபர். ஐந்து வருஷம் கழித்து, 2024 ஜூனில், அதே ஏர்போர்ட்டில் இருபத்து நாலு வயசுக்காரர் ஒருவர் அறுபத்தேழு வயசுக்காரரின் பாஸ்போர்ட்டோடு, முடிக்கும் தாடிக்கும் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு கனடாவுக்குக் கிளம்பினார். அவரும் சிக்கினார். நாம் நரையை மறைக்கக் கறுப்புச் சாயம் தேடுகிறோம். வெளிநாட்டு ஆசை வெள்ளைச் சாயம் தேட வைக்கிறது.

சரி, நேரிலேயே போய்ப் பேசிவிடலாம் என்று மறுநாள் பையனோடு கடலூருக்கு பஸ் ஏறினேன்.

புதுச்சத்திரம் தாண்டும்வரை அவன் பேசவில்லை. அப்புறம் திடீரென்று, "ஏண்ணே, வ.வே.சு. ஐயர் மாறுவேஷம் போட்டுத்தானே லண்டன்லேருந்து தப்பிச்சு பாண்டிச்சேரி வந்தாருன்னு படிச்சிருக்கோம்? அவரு செஞ்சா தியாகி, நான் செஞ்சா திருட்டா?" என்றான்.

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் விட முடியாது.

1910-ல் ஐயர் சீக்கியர் வேஷத்தில் கிளம்பினார். பெட்டியில் 'வி.வி.எஸ்.' என்ற எழுத்துகளைப் பார்த்துத் துப்பறிகிறவர்கள் மடக்க, "என் பெயர் வீர விக்ரம சிங்" என்று சமாளித்தார் என்று சொல்வார்கள். அவருக்குப் பின்னால் வெள்ளைக்கார அரசாங்கத்தின் பிடி இருந்தது. பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்களுடையது. கடலூர்க்காரனுக்கு அரை மணி நேரத்தில் வெளிநாடு. 1918 நவம்பரில் பாரதியார் அந்த எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தபோது கைது செய்து கடலூர் சிறையில்தானே வைத்தார்கள்? ஐயர் வேஷம் போட்டது நாட்டுக்காக.

இன்னொரு வகையும் உண்டு. ஈழத்தில் ஊர் எரிந்தபோது, தலை மாற்றிய பாஸ்போர்ட்டில் பிள்ளைகளை விமானம் ஏற்றிய தாய் தகப்பன்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர்களுக்குத் தங்கள் சொந்தப் பெயரில் கதவைத் தட்ட வழியில்லை. உலகமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1951-ம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு, உயிருக்கு ஆபத்திலிருந்து நேராகத் தப்பி வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தன்னை ஒப்படைத்துக் காரணம் சொல்லும் அகதியை, முறையில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்கிறது.

"உனக்குப் பின்னாடி யாருடா துரத்துறாங்க?" என்று கேட்டேன். "உன் பேர் நிஜம். பாஸ்போர்ட் நிஜம். வெல்டிங் சர்டிஃபிகேட் நிஜம். நிஜமா இருக்கிறதை எதுக்குப் பதினஞ்சாயிரம் குடுத்துப் போலி ஆக்கணும்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிப்காட் வாடை வந்தது. கடலூர் நெருங்கிவிட்டது.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி. சுவரில் ஏரோப்ளேன் படம். ஏஜென்ட் நல்ல மரியாதைக்காரர், டீ வரவழைத்தார்.

"ஸாரோட லைசென்ஸ் நம்பர் என்னங்க?" என்றேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்கள் பட்டியல் 'இ-மைக்ரேட்' தளத்தில் யாரும் பார்க்கிற மாதிரி இருக்கிறது. வேலைக்குப் போகிறவரிடம் அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.

"லைசென்ஸெல்லாம் மெட்ராஸ் ஆபீஸ்ல இருக்கு தம்பி."

"சரிங்க. தாளை எடுத்தது தெரிஞ்சு அங்க புடிச்சுட்டா?"

"எதுக்குக் கவலை? உடனே எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க."

"புடிச்ச உடனே போனைத்தானே முதல்ல வாங்கி வெப்பாங்க?"

ஏஜென்ட் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தம்பி எந்த ஆபீஸ்?" என்றார். எந்த ஆபீஸும் இல்லை என்றதும்தான் அவர் முகத்தில் நிம்மதி.

இதுதான் ஐயா விஷயம். கவுன்ட்டரில் பையன்தான் நிற்கிறான், ஏஜென்ட் நிற்பதில்லை. கனடாவுக்குப் போன பஞ்சாப் மாணவர்கள் கதையைப் படித்திருப்பீர்கள். ஜலந்தர் ஏஜென்ட் ஒருவர் கொடுத்த காலேஜ் அட்மிஷன் கடிதங்களோடு போனார்கள். போனதும், "அந்தக் காலேஜில் இடமில்லை, வேறு காலேஜில் சேர்ந்துக்கோ" என்றார். சேர்ந்தார்கள், படித்தார்கள், வேலையும் பார்த்தார்கள். வருஷங்கள் கழித்து நிரந்தரமாகத் தங்க மனு போட்டபோதுதான் அந்த முதல் கடிதமே போலி என்று தெரிந்தது. 2023-ல் நாடு கடத்தும் நோட்டீஸ். தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். நிஜமாகவே ஏமாந்தவர்களைத் தனித்தனியாக விசாரிப்பதாகக் கனடா அரசு இறங்கி வந்தது. ஏஜென்ட்டுக்கு 2024-ல் மூன்று வருஷத் தண்டனை. தெரியாமல் போலிக் காகிதம் கொண்டுபோனவர்களுக்கே இந்தக் கதி. தெரிந்து கொண்டுபோகிறவனுக்கு யார் பரிந்து பேசுவார்கள்?

பஞ்சாப்வரை ஏன் போக வேண்டும்? 2024 ஜூனில் எங்கள் சிதம்பரத்தை ஒட்டிய கோவிலாம்பூண்டியில் சாலையோரம் கிடந்த கட்டுக்குள் பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழ்கள்! அத்தனையும் போலி என்று தெரிந்து இருவரைக் கைது செய்தார்கள். தயாரித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த மாதிரிக் காகிதத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு எவனாவது எந்த நாட்டு ஆபீஸிலாவது வேலை பார்த்துக்கொண்டிருந்தால், அவனுக்குத் தூக்கம் எப்படி வரும்?

தண்டனை விவரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, திரும்பி வரும்போது பையன் கையில் கொடுத்தேன். உங்களுக்கும் பயன்படலாம். இந்திய பாஸ்போர்ட் சட்டம், 1967, பிரிவு 12: பாஸ்போர்ட்டில் உள்ளதைத் திருத்தினால், திருத்த முயன்றால், இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பழசு. 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டப்படி, போலிப் பாஸ்போர்ட்டோ விசாவோ என்று தெரிந்தே அதை வைத்து நாட்டுக்குள் வந்தாலும் வெளியே போனாலும் இரண்டு முதல் ஏழு வருஷம் சிறை. ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை அபராதம். சிங்கப்பூரில் போலிப் பயண ஆவணம் வைத்திருந்தால் பத்து வருஷம் வரை சிறை, பத்தாயிரம் டாலர் வரை அபராதம். மலேசியாவில் குடியேற்ற ஆவணத்தைத் திருத்தினால் சிறை, அபராதத்தோடு ஆறு பிரம்படி வரை உண்டு. நம் வாத்தியார் கொடுத்த பிரம்படி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அடிக்கு டாக்டர் பக்கத்தில் நிற்பார்.

பாஸ்போர்ட் கிழிந்திருந்தால், நனைந்திருந்தால், நிஜமாகவே தொலைந்திருந்தால் என்ன செய்வது? கடலூரிலேயே தபால் நிலைய பாஸ்போர்ட் மையம் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து, 36 பக்கப் புத்தகத்துக்கு 3,000 ரூபாய் கட்டினால் புதுசு வரும். ஏஜென்ட் கேட்ட பதினைந்தாயிரத்தில் ஐந்து பாஸ்போர்ட்!

பாஸ்போர்ட்டைத் திறந்ததும் முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. பஸ்ஸில் அவனைப் படிக்க வைத்தேன். இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போகவிட வேண்டும், வேண்டிய உதவியும் பாதுகாப்பும் கொடுக்க வேண்டும் என்று இந்திய ஜனாதிபதியின் பெயரால் சம்பந்தப்பட்ட எல்லோரையும் கேட்டுக்கொள்கிற வாசகம் அது. சிபாரிசுக் கடிதத்துக்காக வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றவன் அவன். ஜனாதிபதி பெயரில் ஒரு சிபாரிசுக் கடிதம் மஞ்சள் பைக்குள் இருப்பது அவனுக்கே தெரியாது. கடைசியில் எச்சரிக்கையும் உண்டு: இது இந்திய அரசின் சொத்து, எந்த விதத்திலும் திருத்தவோ சிதைக்கவோ கூடாது. நம் பெயர், நம் போட்டோ, நம் கையெழுத்து. ஆனால் புத்தகம் நம்முடையது இல்லை!

அப்புறம் என்ன ஆயிற்று?

சினிமா மாதிரி எதுவும் ஆகவில்லை. தாளைக் கிழிக்க மாட்டேன் என்று பையன் சொன்னதும், "அப்ப உன் கேஸ் கஷ்டம்" என்று ஏஜென்ட் கைவிரித்துவிட்டார். நாலைந்து தடவை கடலூருக்கு நடையாய் நடந்ததில் எண்பதாயிரத்தில் நாற்பதாயிரம் திரும்பி வந்தது. சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. பையன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வெல்டர். பதிவு பெற்ற ஏஜென்சி ஒன்றில் மனு போட்டிருக்கிறான். 'வேறு நாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டதுண்டா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி, காரணத்தையும் எழுதியிருக்கிறான். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

அவன் அம்மா இரண்டு மாசம் என்னோடு பேசவில்லை. தெருக்குழாயில் என்னைப் பார்த்தால் குடத்தை டங்கென்று வைப்பார். போன வாரம்தான் வாயைத் திறந்தார்.

"ஏந்தம்பி, அந்த ஒரு தாளைக் கிழிச்சிருந்தா எம்புள்ளை இந்நேரம் சிங்கப்பூர்ல இருந்திருப்பான் இல்ல?"

"சிங்கப்பூர்லதாம்மா இருந்திருப்பான்" என்றேன். "ஆனா எந்த ரூம்லங்கறதுதான் கேள்வி."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "ராத்திரி ஷிஃப்ட்டு. பத்து மணிக்கு வருவான். சோறு வடிக்கணும்" என்று வீட்டுக்கு நடந்தார்.